மீதி ஒன்பது

மாலை பலகையில் 104729.
அம்பகாமத்துக் காட்டோரம்
கருவி கத்தக் கத்த மண்டியிட்டு,
கரண்டியால் சுரண்டி எடுத்த இரும்பெல்லாம் சேர்த்து.
வெடிக்கக்கூடியது அதில் நாற்பத்தொன்று.
மற்றதெல்லாம் ஆணி, தகரம், மீன்ரின் மூடி.
கடைசியாய் வந்தது ஒரு சைக்கிள் மணியின் கிண்ணம்.
தர்மிளா தட்டிப் பார்த்தாள்.
மண் நிறைந்த மணி
டொக் என்றது.

"பதினாலு பேர். தலைக்கு எத்தினை எண்டு சொல்லுங்கோ,"
அறிக்கை எழுதுகிற ரெஜினோல்ட் கேட்டார்.
ஏழாயிரத்து நானூற்று எண்பது.
மீதி ஒன்பது.
"அந்த ஒன்பதை விடுங்கோ."

விட முடியவில்லை.
இணைந்த கணிதம் படித்தவள் நான்,
பரீட்சை மண்டபம் வரைக்கும் போகாதவள்.
இரவு கூடாரத்தில்
பழைய வரவுத்தாளின் பின்பக்கத்தில் தொடங்கினேன்,
ஒழுங்கையில் கருவி வீசுவதுபோல
ஒரு சாண் விடாமல்.

இரண்டால் போகாது, பார்த்தாலே தெரியும்.
மூன்றுக்கு இலக்கங்களைக் கூட்டினேன்: இருபத்துமூன்று.
ஏழு, இரண்டை மீதி வைத்தது.
பதின்மூன்று ஒன்றே ஒன்றால் தவறவிட்டது,
அரை அடி தள்ளி மிதித்தவன் தப்பியதுபோல.
முந்நூற்றுப் பதினேழு வரை பார்த்தால் போதும்.
அதற்கடுத்த பகா எண்ணை அதனாலேயே பெருக்கினால்
எண்ணைத் தாண்டிவிடும்.

அறுபத்தாறு வகுத்தல்.
அறுபத்தாறு மீதி.
ஒன்றும் பூச்சியமில்லை.

பக்கத்து ஒற்றை எண்கள் இரண்டும் பகுபட்டவை.
முன்னது மூன்றுக்கு மடங்கியது, பின்னது பதினொன்றுக்கு.
இது மட்டும் நடுவில்.
போனில் தேடினேன்:
பகா எண்களின் வரிசையில் இது சரியாகப் பத்தாயிரமாவது.
யாரோ எண்ணி வைத்திருக்கிறார்கள்.
எங்களைப்போல, குனிந்து.

தன்னைத் தவிர்த்தால் இதன் காரணி ஒன்றுதான்.
கூட்டினாலும் ஒன்றுதான்.
குறைவெண் என்று புத்தகம் சொல்லும்.
சொல்லட்டும்.

நாலால் வகுக்க ஒன்று மிஞ்சுகிற பகா எண்ணை
இரண்டு வர்க்கங்களாகப் பிரிக்கலாம்,
ஒரே ஒரு விதத்தில்.
எங்கோ படித்தது, நடுச்சாமத்தில் ஞாபகம் வந்தது.
தேட அதிக நேரம் எடுக்கவில்லை:
முந்நூற்று இருபத்துமூன்றின் வர்க்கம்,
இருபதின் வர்க்கம்.

அப்போ இதை நிலத்தில் வைக்கலாம்.
பக்கம் முந்நூற்று இருபத்துமூன்று அடியில் ஒரு வயல்.
அதோடு ஒட்டாமல்
இருபதுக்கு இருபதில் ஒரு சதுரம்.
நேற்று ஏழாம் ஒழுங்கையில்
புல்லை வெட்டக் கிடந்த அத்திவாரம்
அவ்வளவுதான் இருக்கும்.
யாருடையதென்று கேட்க ஆளில்லை.

காலை ஆறு நாற்பது.
முகக்கவசத்தை இறக்கினேன்.
மூன்றாவது வீச்சிலேயே கருவி கத்தியது.
ஒரு செருப்பாணி.
தர்மிளா இருபத்தொன்பதை அழித்து
முப்பது எழுதினாள்.

ஓரிரவுதான் அது பகா எண்ணாக இருந்தது.
இப்போது இரண்டால் போகும், மூன்றால், ஐந்தால்,
கேட்டவர்க்கெல்லாம் பங்கு.
ரெஜினோல்ட் சந்தோஷமாகக் கல்குலேட்டரைத் தட்டினார்,
பதினாலால்.

மீதி பத்து.