முதலில் பூனை

மார்கழி. வெட்டாற்றங்கரையில்
வழக்கில் பூட்டிக் கிடக்கும் ரைஸ் மில்.
பனி அதுபாட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது
சம்பாக் கதிரின் மேல், ஜெனரேட்டர் வேனின் மேல்,
தார்ப்பாய் போர்த்திய லென்ஸ் பெட்டியின் மேல்.
"இது கேமராவில் விழாது" என்றார் கேமராமேன்.
ஆகவே நான் புகை போட்டேன்.
என் வேலை அதுதான்,
பனிக்குள் நின்றுகொண்டு பனி செய்வது.

நிலாவும் இருந்தது.
அதற்கு நீலம் போதாதாம்.
கிரேனில் நாலு விளக்கேற்றி நீலத்தாள் ஒட்டியதும்
விடிந்துவிட்டதென்று கிளம்பிய கொக்குகள்
கூரையை ஒரு சுற்று சுற்றி
ஏமாந்து உட்கார்ந்தன.

பேய்க்கு உள்ளூரில் ஆள் பிடித்தோம்.
தையல்நாயகி. முடி இடுப்புக்குக் கீழே.
நடவு, களை, இப்போது இது;
ராத்திரிக்கு எழுநூறு, பிரியாணி தனி.
வெள்ளைப் புடவையைப் பிரித்துப் பார்த்து
"எங்க ஓரகத்தி போனப்ப நைட்டிதான் போட்டிருந்தா,
பச்சைப் பூப்போட்டது.
வந்தா அதுலதானே வருவா?" என்றாள்.
காஸ்ட்யூமர் சிரித்தார். நானும்தான்.

கால் தெரியக் கூடாது, அது விதி.
அவள் விரலிடுக்குச் சேற்றுப்புண்ணையும்
அதில் தடவியிருந்த ஊதா மருந்தையும்
கணுக்காலுக்கு மேலேயே வெட்டிவிட்டது ஃப்ரேம்.
ஆனால் கொலுசுச் சத்தம் உண்டு.
"காலே இல்லாதவ கொலுசை எங்க மாட்டுவா?"
டப்பிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்றார் சவுண்ட்காரர்.

கதவைத் தானாகத் திறக்க ஒரு நைலான் நரம்பு,
நரம்பை இழுக்க மறைவில் ஒரு பையன்.
அலமாரிக் கண்ணாடியைச் சாத்தும்போது
பின்னால் உன் முகம் தெரியவேண்டும் என்றதற்கு
"எங்க வீட்டுக் கண்ணாடி கையகலம் சார்,
பேய் வந்தா நான் விலகி நிக்கணும்."

முதலில் பூனை பாயும், பிறகுதான் நீ.
பூனை எதுக்கு?
ஜனங்கள் பயந்து, பூனைதானா என்று சிரித்து
மூச்சை விடுவார்கள். விடுகிற மூச்சில் பிடிக்கணும்.
அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை.
"அது சரிதான்" என்றாள் அப்புறம்.
திருவாரூரிலிருந்து வாடகைக்கு வந்த பூனை
பாயாமல், கேன்டீன் பக்கம்
மத்தி வாசனைக்குப் போய்விட்டது.

ஹீரோவை ஓரத்தில் ஒதுக்கி நிறுத்தி
அவர் தோளுக்குப் பின்னால் முக்கால் திரையைக்
காலியாக விட்டார் டைரக்டர்.
பயம் பேயில் இல்லை, இந்தக் காலி இடத்தில்
யாரோ குடிவரப்போகிறார்கள் என்பதில் இருக்கிறது என்றார்.
பதினோரு டேக்.
பன்னிரண்டாவதில், இருட்டாயிருந்த அந்த இடத்தில்
தூரத்து வயலில் மஞ்சளாக ஒரு பல்பு எரிந்தது.
மணி இரண்டு. மும்முனைக் கரண்ட் வந்துவிட்டது.
மோட்டார் கொட்டகை.
கட்!
"யாராவது ஓடிப்போய் அதை அணைங்கப்பா."

வரப்பில் கால் வைத்தேன். ஈரம்.
பவுடர் அப்பிய முகம், கலைத்துவிட்ட முடி,
வாயோரம் சிவப்புச் சாயம்,
ஃப்ரேமை விட்டு ஓடிவந்து
என் சட்டையைப் பிடித்தாள் தையல்நாயகி.
"கம்பி சரியில்லை. ஈரக்கையோட போகாதீங்க.
தண்ணி பாய்ச்ச அவளும்
ரெண்டு மணிக்குத்தான் போனா."
பின்னால் என் மெஷின் பாட்டுக்குப்
புகைந்துகொண்டிருந்தது.
யாரும் போகவில்லை.

விடியற்காலை முதல் பஸ்ஸில்
முகம் கழுவாமலே ஏறினாள்.
கண்டக்டர் ஒரு தரம் பார்த்துவிட்டு
கட்டணமில்லாச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

படம் திருவாரூரில் ஒன்பது நாள் ஓடியது.
பூனை பாய்ந்தது, சிரித்தார்கள்.
கொலுசு கேட்டது, பாப்கார்ன் சிதற அலறினார்கள்.
நான் திரையின் இடது மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அத்தனை நீலத்துக்குள்
யாரும் அணைக்காத ஒரு மஞ்சள் புள்ளி,
அதன் கீழே கொஞ்சம் காலி இடம்.