தலை எந்தப் பக்கம்

பஸ்ஸூ பொய் சொல்வதில்லை; செய்வான்.
உடைந்த டிரைலோபைட்டின் முதுகு ஒன்று,
வேறொன்றின் வால்,
மீதிக்குப் பசையில் குழைத்த கல்தூள்.
முள் இருந்தால் விலை ஏறும் என்று
நாலு முள் கூடுதலாகவே வைப்பான்.

நிஜமும் உண்டு அவனிடம்.
பல் வைத்தியர் கருவிபோல் சீறும் ஊசியால்
பன்னிரண்டு நாள் சுரண்டி வெளியே எடுத்த கண்:
அடுக்கடுக்காய்ப் படிகப் பொட்டுகள்.
உயிரோடு ஊர்ந்தபோதே
கல்லால்தான் பார்த்ததாம் அது.

நான் ஓட்டுநர்.
லியோனிலிருந்து அல்னிஃப் வந்த வியாபாரிக்கு
வண்டியும் நாக்கும் வாடகைக்கு.

ஸகோராவுக்கு வடக்கே, மழை மறந்த மேட்டில்
மனைவி இத்தோவின் தம்பி பிளந்த கல்லை
அன்று துணி விலக்கிக் காட்டினான் பஸ்ஸூ.
துருச்சிவப்பில் ஒரு கறை, கட்டைவிரல் அகலம்.
கோணல் தட்டு; இடமும் வலமும் ஒத்துப்போகவில்லை.
ஒரு முனையில் கணுக்கணுவாய் ஏதோ நீண்டிருந்தது.
வாலென்றால் வால், கையென்றால் கை,
வாயே அதன் அடியில் என்றாலும் மறுக்க ஆளில்லை.

"தலை எந்தப் பக்கம், கேள்" என்றார்.
கேட்டேன்.
"அது தெரியாமல்தானே அவரிடம் காட்டுகிறேன்."
இதை நான் பெயர்க்கவில்லை.

வியாபாரி ஊசியைத் தீயில் காய்ச்சிக் கல்லைத் தொட்டார்.
பசையானால் நாறும்.
நாறவில்லை.
மறுபடி தொட்டார்.
பிறகு, "போலி" என்றார்.

பஸ்ஸூவின் முகம் சிவந்து அன்றுதான் பார்த்தேன்.
"நான் செய்திருந்தால் தலை வைக்க மறப்பேனா?
ரெண்டு கண், நாலு முள்,
தூக்கத்தில் தடவினாலும் இன்னதென்று தெரிகிற மாதிரி
செய்திருக்க மாட்டேனா?
இப்படி ஒன்றைக் கடல்தான் செய்யும்.
அதற்குத்தான் சந்தைக்கு வர வேண்டியதில்லை."

மூன்று மொழியில் வயிற்றைக் கழுவுகிறவன் நான்.
மூன்றையும் துழாவிவிட்டு,
"விலை குறையாது என்கிறான்" என்றேன்.

அவர் ஆறு டிரைலோபைட் வாங்கிக்கொண்டார்.
அதில் மூன்று, எனக்குத் தெரிந்து,
போன வெள்ளிக்கிழமை பிறந்தவை.

கல் இன்னும் அங்கேதான்,
எண்ணெய் டப்பாவுக்கும் சுவருக்கும் நடுவில்.
போகும்போதெல்லாம் எடுத்துத் திருப்பி வைக்கிறேன்,
நீண்ட முனை ஒரு நாள் கிழக்கே, ஒரு நாள் மேற்கே.
நாற்பத்தெட்டுக் கோடி வருஷமாம்.
சேறு மூடிய அன்று எங்கோ போய்க்கொண்டிருந்திருக்கிறது,
முன்னாலோ பின்னாலோ.

அடுத்த தடவை வந்தால்
இத்தோ அதை நேராக்கி வைத்திருப்பாள்.
எது நேர் என்று கேட்டேன்.

"தூசி படியாத பக்கம்" என்றாள்.