மூன்றாம் மாடி, படி திரும்பும் இடம்

பிரிஞ்சி மரத்துக்கு ஐந்து டிகிரி போதும்.
வீட்டுக்குள் வைத்தால் செதில்பூச்சி,
வெளியே விட்டால் ஒரே இரவு.
அதனால் அக்டோபர் பிறந்ததும்
பெயிண்ட் வாளியோடு தூக்கிவந்து
படி திரும்பும் இடத்தில் நிறுத்துவாள் ஐலா.
சுவரில் ஓர் அட்டை:
"ஓர் இலை கிள்ளினால் ஒரு குவளை தண்ணீர்."
ஞாயிறன்று கறி அடுப்பேறியதை
ஈர மண் காட்டிக்கொடுக்கும்.

ஜனவரியில் நான் சோபா வாங்கினேன்.
தெருக்கதவு சாத்திக்கொள்ளாமலிருக்க
என் பூட்ஸை அண்டக்கொடுத்தேன்.
சோபா மேலே ஏறியது. பூட்ஸ் அங்கேயே.
குவோப்பியோவில் அன்றிரவு மைனஸ் இருபத்தெட்டு.

விடிந்தபோது இலையெல்லாம்
ஆறிய டீயின் நிறம்.
உதிரக்கூட இல்லை.

ஐலா என் பூட்ஸைக் கொண்டுவந்து
வாசலில் வைத்தாள், ஜோடி சேர்த்து.
பிறகு படியில் உட்கார்ந்து
ஒவ்வொன்றாய்ப் பறித்து பிஸ்கட் டப்பாவில் போட்டாள்.
"கடையில் விற்பதும் செத்த இலைதானே, ரௌனோ."
அவ்வளவுதான்.

ஏப்ரல் வரை எல்லார் வீட்டுச் சட்டியிலும்
அந்த ஜனவரி கொதித்தது.
தட்டில் விழும் இலையை எல்லோரும் ஒதுக்குவார்கள்தான்.
நான் எண்ணி ஒதுக்கினேன்.

மொட்டைக் குச்சிக்கு
இன்னும் யாரோ தண்ணீர் ஊற்றுகிறார்கள்.
யாரோ இல்லை, நான்தான்.
கிள்ள ஒன்றுமில்லாமலே
வாரம் ஒரு குவளை.

ஜூன் பன்னிரண்டு. இரவு பதினொன்றுக்கும் வெளிச்சம்.
வாளி விளிம்போரம், மண்ணை ஒட்டி
சிவப்பாய் ஒரு முனை.
களையாகவும் இருக்கலாம்.
ஐலாவிடம் சொல்லவில்லை.
கீழே இறங்கிப் போய்
தெருக்கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தேன்.