பதினொன்று பத்துக்கு

திறக்கச் சொன்னது நான்தான்.
"அவன் போன் எங்க போச்சுன்னு பாருங்க சார்"
காசிமேடு ஸ்டேஷன் வாசலில் மூன்று நாள்,
ஐஸ் கம்பெனி ஈரம் காயாத சேலையோடு.
மனுவில் எழுதியது:
தேசிங்கு, வயது இருபத்திரண்டு,
வலது முழங்கையில் தையல் தழும்பு.

"கம்பெனிக்கு லெட்டர் போடணும்மா.
கேட்டவுடனே குடுத்துட மாட்டான்" என்றார் ரைட்டர்.
ஊரான் ரகசியத்துக்கு என் தம்பியாடா விலை என்று
சூரியநாராயணா தெருவே கேட்கக் கத்தினேன்.
லெட்டரில் கையெழுத்துப் போட வேண்டியவர் யார்,
படித்துவிட்டுப் போடுவாரா
அன்று நான் கேட்கவில்லை.

நான்காம் நாள் வந்தது பட்டியல்.
இரவு பதினொன்று பத்துக்கு
கொருக்குப்பேட்டை டவரின் கீழே விழித்திருந்த
நானூற்றுப் பன்னிரண்டு நம்பர்கள்.

ரைட்டரின் சிவப்புப் பேனா இறங்கிக்கொண்டே வந்தது.
குடியை விட்டேன் என்று மாதா கோயிலில்
மெழுகுவத்தி ஏற்றிய எட்வின் அண்ணன்.
புருஷனுக்குத் தெரியாமல் மீட்டர் வட்டி கட்டப் போன மும்தாஜ்.
இருநூற்று எழுபத்தொன்று
தம்பியை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனவன்.

முந்நூற்று நான்கு என்னுடையது.
வீட்டில் நைட் ஷிப்ட் என்று சொல்லியிருந்தேன்.
பேனா அங்கே ஒரு நொடி நின்றது.
அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.
இரண்டு தெரு தள்ளி ஒரு மாடி அறையில்
நான் சிரித்துக்கொண்டிருந்த நேரம் அது.

வெள்ளிக்கிழமை
எண்ணூர்க் கழிமுகத்தில் அலையாத்தி வேருக்குள் கிடைத்தான்.
தழும்பைக் காட்டினார்கள்.
அவன்தான் என்றேன்.

ஆறு மாதம்.
கேஸ் கட்டு எத்தனை கை மாறியதோ,
வக்கீலுக்கு ஒன்று, கோர்ட்டுக்கு ஒன்று,
ஜெராக்ஸ் கடையில் சரியாக விழாமல் கசக்கிப் போட்டது ஒன்று.
நேற்று ஐஸ் உடைத்துக்கொண்டிருக்கும்போது ஒரு போன்.
தெரியாத ஆண்குரல், பான்பராக் மெல்லும் குரல்:
"இன்னாம்மா, கொருக்குப்பேட்டை பக்கம்
இப்பல்லாம் வர்றதில்லியா?"

மீதி நானூற்றுப் பதினொரு பேரில்
இந்தக் குரல் யார் யாரைக் கூப்பிட்டதோ.
மும்தாஜிடம் கேட்க எனக்கு வாயில்லை.
திறக்கச் சொன்னது நான்தான்.

இன்று ரயில்வே கேட்டில் நிற்கிறேன்.
கூட்ஸ் வண்டி முடிகிற பாடில்லை.
தலைக்கு மேலே டவர்.
கட்டைவிரல் போனை அணைக்கப் போய்
பொத்தான் மேலேயே நிற்கிறது.

அவன் அன்றைக்கு அணைத்து வைத்திருந்தால்
இன்றும் அந்த வேருக்குள்தான் இருப்பான்.

கேட் தூக்கிவிட்டார்கள்.
பின்னால் ஆட்டோக்காரன் ஹாரன் அடிக்கிறான்.
விரல் இன்னும் அங்கேயேதான்.