ஒரு மாடி கீழே

முப்பத்தொன்றாம் கட்டம், வலக்கை.
பாரிஸ் அச்சில் நேச்சுரல் குறி
சி-க்கு முன்னால் நிற்கிறது.
இந்த ஏ-ஃபிளாட் மேஜரில் தாழ்ந்தவை நான்கே:
பி, ஈ, ஏ, டி.
சி-யை யாரும் தாழ்த்தவில்லை.
பிடிபடாதவனுக்கு எதற்கு விடுதலைச் சீட்டு?

லைப்சிக்காரர் கெட்டிக்காரர்.
வெட்டிக் குறி என்று சுரண்டி எடுத்துவிட்டார்.
லண்டனில் குறி இருக்கிறது, டி-க்கேதான்,
ஆனால் அரை மாத்திரை தாமதித்து,
பந்தி முடிந்தபின் செருப்பைக் கழற்றும் விருந்தாளி மாதிரி.

ஆயர் ஈத்தாம். பதினோராம் மாடி.
தாள் பறக்கும் என்று விசிறியை நிறுத்தியிருக்கிறேன்.
வியர்வை முதலில் விழுந்தது லைப்சிக் நகலின் மேல்.
விழட்டும்.

ஈயத் தகட்டில் எல்லாம் தலைகீழ்,
வலமிருந்து இடம், கண்ணாடிக்குள் எழுதுவதுபோல்.
உளியை வைத்துத் தட்டியவனுக்கு
கோட்டுக்கும் இடைவெளிக்கும் நடுவே
ஒரு மயிரிழை வழுக்கியிருக்கலாம்.
பசித்திருக்கலாம்.
கையெழுத்துப் பிரதியிலேயே குறி
சரிந்து கிடந்திருக்கலாம்; அது தொலைந்துபோயிற்று,
அவனைக் குற்றம் சொல்ல எனக்குச் சாட்சியில்லை.

ஓலை கிழியுமென்று புள்ளி குத்தாமல் விட்டார்கள்.
மெய்யா உயிர்மெய்யா என்பதைப்
படித்தவர் நாக்கு தீர்த்துக்கொண்டது.
இங்கே புள்ளி குத்தித்தான் இருக்கிறது,
பக்கத்து எழுத்தின் தலையில்.

ஆக, டி-நேச்சுரல்.
முடிவு தெரிந்தும் பென்சில் நகரவில்லை.
முப்பது வருடம் நான் வாசித்தது லைப்சிக் பாடம்.
டி-ஃபிளாட்டில் அந்த இடம்
தாழ்ந்த நிலைப்படியில் குனிந்து நுழையும்.
தவறு என்று தெரியாமல் அதை நேசித்துவிட்டேன்.
பதிப்பாளருக்கு அதெல்லாம் வேண்டாம்,
வெள்ளிக்கிழமைக்குள் மெய்ப்புத் திருத்தம் வேண்டும்.

தண்ணீர் குடிக்க எழுந்தபோது கண்ணில் பட்டது
காலையில் பெட்டியிலிருந்து எடுத்த மின்கட்டண பில்.
என்னுடையதல்ல. 12-3, கூய் செங் ஹூன்.
மாதாமாதம் இதே கதை,
ஒரு மாடி கீழே வந்து விழும்.
ஏறிப்போய்க் கதவைத் தட்டினேன்.
"சுடா பாயார், அக்கா," என்றான்,
வாய் நிறைய மீ கோரெங்.
போன வாரமே கட்டிவிட்டானாம், கைபேசியில்.
எந்த மாதமும் இதற்காகக் காத்திருந்ததில்லையாம்.

இறங்கி வந்து அடிக்குறிப்பு எழுதினேன்:
'31: டி-நேச்சுரல். பாரிஸில் குறி ஒரு படி கீழே.
லைப்சிக்கில் இல்லை. லண்டனில் பிந்தியது.'
டி-ஃபிளாட் பற்றி ஒரு வரி எழுதி
அழித்துவிட்டேன்.

சரிபார்க்க ஒருமுறை வாசித்தேன்.
விரல் கறுப்புக்குப் போய்
வெள்ளைக்குத் திரும்பியது,
லண்டனைப் போல்
அரை மாத்திரை தாமதமாக.