டவர் மாறும் இடம்

மாசம் நூத்திப்பத்தொன்பது கட்டி
தங்கச்சிமடத்திலேயே இறக்கி வைத்த பாட்டு,
ரெமிசியுஸின் போனில்
சரணத்துக்கு முன்னால் நின்றது.
"உங்கள் நாட்டில் இந்தப் பாடலுக்கு அனுமதியில்லை."

எந்த நாட்டில்?
ஜிபிஎஸ்ஸில் இன்னும் ஒரு மைல் பாக்கி.
தலைமன்னார் டவர்
காற்றுவாக்கில் தொட்டிருக்கும், அவ்வளவுதான்.

கரைக்கு வந்து கேட்டோம்.
செல்போன் கடை சதக்கத்துல்லா கம்பெனியைக் கை காட்டினார்.
கம்பெனியில் பேசிய பெண், நல்ல குரல்,
உரிமை வைத்திருப்பவரைக் கேட்கச் சொன்னாள்.
அவருக்கு நம்பர் கிடையாது.
பூட்டு மட்டும் எப்படியோ
எங்கள் போட்டில் ஏறி வருகிறது.

நேற்றும் அதே இடம்.
பாட்டு நின்றதும்
ரெமிசியுஸ் யாரையும் திட்டவில்லை.
விளக்கை அணைத்தான்.
சுக்கானை மேற்கே திருப்பினான்.