தள்ளிப்போட்ட வியாழன்

மூன்று பத்துக்கு ஹாஃபிஸ் அழைத்தான்.
"காக், எடைமேடை பேசவில்லை."
எடைமேடை பேசாவிட்டால்
பீடோங்கில் என்ன ஆகும் என்று
வெளியூர்க்காரருக்கு விளக்குவது கஷ்டம்.
வெட்டிய செம்பனைக் குலை காத்திருக்காது.
ஒரு பகல் போனால் எண்ணெய் புளிக்கும்.
புளித்ததற்கு விலை இல்லை,
லாரிக்காரருக்குப் பொறுமை இல்லை.

மழை.
ஆலை வாசலில் பதினோரு லாரிகள்,
வைப்பர் மட்டும் அசைந்துகொண்டு.
உள்ளே எல்லாத் திரையிலும் ஒரே கறுப்புக் கடிதம்:
உங்கள் கோப்புகள் எங்களிடம்,
நாற்பத்தெட்டு மணி நேரம்.
ஓர் எழுத்துப் பிழைகூட இல்லை.

நாலு மாதத்துக்கு முன்புவரை
இப்படிப்பட்ட இரவுகளில் விசைப்பலகை என்னுடையது.
விரல் முந்தும், வாய் பிந்தும்.
அதற்காகத்தான் பதவி உயர்வு தந்தார்கள்;
தந்த அன்றே அதை விட்டுவிடவும் சொன்னார்கள்,
ஒருவரும் வாய் திறக்காமல்.

இப்போது மெய் ஃபோங் தட்டுகிறாள்.
நான் அறுபது நொடியில் முடிப்பதை
ஆறு நிமிடமாய்த் தேடுகிறாள்.
இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகி
அவற்றின்மேல் உட்கார்ந்தேன்.
உவமை இல்லை. மரத்துப்போயின.
ஏழாவது நிமிடம்
நான் பார்க்காமல் விட்டிருக்கக்கூடியதை அவள் பார்த்தாள்:
போன வருஷமே வேலையை விட்ட பொறியாளர்
நேற்று நள்ளிரவு உள்ளே வந்திருக்கிறார்.
அவர் கணக்கை யாரும் மூடவில்லை.
ஒரு மெயிலில் நுழைந்தவன்
அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு நடந்திருக்கிறான்.

பெரட்டில் பெயர் கூப்பிட்டு
ஆள் எண்ணி வேலை பிரிப்பதுதான்
நிர்வாகம் என்று இந்த ஊர் வெகுகாலம் நம்பியது.
நானும் முதல் மாதம்
அட்டவணையும் பேனாவுமாய் அப்படித்தான் நின்றேன்.
துஷ்யந்தன் தினமும் "ஆச்சு அக்கா" என்பான்.
ஆகவில்லை என்று சொல்ல
நான் இடமே விட்டிருக்கவில்லை.

ஐந்தே காலுக்கு, கோலாலம்பூரிலிருந்து இயக்குநர்.
எத்தனை மணிக்குச் சரியாகும்?
தெரியவில்லை. தெரிந்ததை ஆறரைக்குச் சொல்கிறேன்.
பணம்?
கேட்கிறார்கள். சட்டப் பிரிவு வரட்டும்.
யார் அந்த மெயிலைத் திறந்தது?

கண்ணாடிக்கு அப்பால்
எடைமேடைக் கிராணி செங்கமலம்
மழைச்சட்டையைக் கழற்றாமல் நிற்கிறார்.
சொட்டுகிற நீரைத்
தன் காலாலேயே தேய்த்துத் துடைக்கிறார்.
ஆறே எழுத்து.
சொன்னால் அழைப்பு முடிந்துவிடும்.

காப்புப் பிரதியை மீட்டுப் பார்க்கும் ஒத்திகை
மார்ச்சில் ஒரு வியாழன்.
தணிக்கை என்று தள்ளிப்போட்டேன்.
ஏப்ரலில் ஒரு வியாழன்.
ஆள் இல்லை என்று தள்ளிப்போட்டேன்.
மூன்றாவதற்குக் காரணம்கூட எழுதவில்லை.

"என் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள்" என்றேன்.
தியாகம் எல்லாம் இல்லை,
கணக்கு அப்படித்தான் வந்தது.
மறுமுனையில் இருமல்.
பிறகு, "ஆறரைக்கு" என்றார்.

செங்கமலம் தானாகவே கதவைத் தள்ளி வந்தார்.
மெயில் வந்த நேரம், அனுப்பியவர் பெயர்,
கடவுச்சொல்லை இரண்டு தடவை அடித்தது,
முதல் தடவை தவறாக.
மெய் ஃபோங் குறித்துக்கொண்டாள்.
அந்தக் குறிப்பு எங்களுக்கு ஒரு பகலை மிச்சப்படுத்தியது
என்பது பிறகுதான் தெரியும்.

எடைமேடையின் எண்பலகைக்கு இணையம் தெரியாது,
எண்ணைப் பார்த்துக் கையால் சீட்டு எழுதலாமே என்றது துஷ்யந்தன்.
ஏழு மணிக்கு முதல் லாரி நகர்ந்தது.
யாரும் கைதட்டவில்லை.
ஹாஃபிஸ் பொட்டலம் பொட்டலமாய்த் தே தாரிக் கொண்டுவந்தான்.
மீட்டதில் ஒன்பது நாள் கணக்கு இல்லை.
அது இனி வராது.

வெள்ளைப் பலகையில் எழுதினேன்:
ஒத்திகை, வரும் வியாழன்.
துஷ்யந்தன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.
"அன்றைக்கு எனக்கு முடியாது அக்கா" என்றான்,
முதல் தடவையாக.

அழித்துவிட்டு
பேனாவை அவனிடம் நீட்டினேன்.